நாட்கணக்கும் வரகுணர் காலமும்

காலத்தை வித்தியாதத்துவங்கள் ஏழனுள் ஒன்றாக வைத்து, இறப்பு நிகழ்வு எதிர்வு என உயிர்களின் நுகர்ச்சியை வரையறுப்பது அதன் தொழில் என்று சைவசித்தாந்த நூல்கள் கூறும். தத்துவமாகிய அக்காலம் கண்ணுக்குப் புலனாவதன்று. ஞாயிறு திங்கள்களின் இயக்கத்தைக் கருவியாகக் கொண்டே உலகினர் அதனை அளந்தறிகின்றனர். அவ்வளவையில் எழும் வினாக்கள் பலவாயினும், வரலாற்று நூலார்க்கு இன்றியமையாதது ஒன்று: ஒரு நிகழ்ச்சி நடந்த நாளுக்கும் மற்றொரு நிகழ்ச்சி நடந்த நாளுக்கும் இடைப்பட்ட காலம் எவ்வளவு என்பதே அது.

சமயாசாரியருள் முன்னவர் யார், பின்னவர் யார், ஒருவர் மறைவுக்கும் மற்றொருவர் தோற்றத்திற்கும் எத்துணை யாண்டு சென்றன என்னும் ஆராய்ச்சிகளெல்லாம் இவ்வினாவின் மேலேயே நிற்கின்றன. இரு நாட்களையும் ஒரே அளவுகோலிற் குறித்தபின் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிப்பது சிறுவர்க்கும் எளிது. ஆனால் பண்டை நாட்குறிப்புக்கள் ஒரே அளவுகோலில் அமைந்தனவல்ல. ஒன்று கலியாண்டிலும், ஒன்று சகயாண்டிலும், ஒன்று அரசனது ஆட்சியாண்டிலும், ஒன்று திங்கள் நாள் கிழமைகளாலும் குறிக்கப்பட்டிருக்கும். அவற்றை ஒன்றுபடுத்தும் முறையும், அம்முறையாற் சைவ வரலாற்றுக்கு விளையும் பயனும் ஈண்டு ஆராயப்படும்.

சிறுமலை வழியும் மதுரை எரியுண்ட நாளும்

திண்டுக்கல்லுக்குத் தென்கிழக்கே உயர்ந்து நிற்கும் சிறுமலை தமிழிலக்கியத்திற்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையில், மதுரைக்கு வழி வினவிய கோவலனுக்கு மாங்காட்டு மறையவன் மூன்று நெறிகளைக் கூறுகின்றான். கொடும்பை நெடுங்குளக் கரையில் இறைவனது முத்தலைச் சூலம்போலப் பிரியும் அந்நெறிகளுள், வலப்பக்கத்து நெறியே பற்றிச் செல்வார்க்குப் பாண்டியனது சிறுமலை தோன்றும் என்றும், அம்மலையை வலங்கொண்டு மதுரையை அடையலாம் என்றும் அவன் உரைக்கின்றான். இன்றும் திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குச் செல்வோர் அம்மலையின் அடிவாரத்தை ஒட்டியே செல்கின்றனர்.

அந்நெறிகள் சென்று முடியும் மதுரையைப் பற்றி அந்நூலே ஒரு நாட்குறிப்பைத் தருகின்றது. நகர் எரியுண்ட நாள் ஆடித்திங்கள், தேய்பிறை எட்டாந் திதி, கார்த்திகை நாள், வெள்ளிக்கிழமை என்பது கட்டுரைகாதையில் மதுராபதித் தெய்வத்தின் கூற்றாக வருகின்றது. யாண்டு மட்டும் கூறப்படவில்லை. திங்கள், திதி, நாண்மீன், கிழமை என்னும் நான்கும் ஒருங்கே பொருந்தும் யாண்டு எது என்று கணிதத்தாற் காண முயன்றவர் எல்.டி. சுவாமிக்கண்ணுப்பிள்ளை (1865-1925). 1911இல் இந்தியக் காலக்கணிதம் பற்றிய நூலையும், பின்னர்க் கி.பி. 700 முதல் 1799 வரையுள்ள நாட்களுக்குப் பெரும் பஞ்சாங்கத் தொகுதியையும் இயற்றி உதவிய பேரறிஞர் அவர். மூலத்திற் கண்ட குறிப்போடு அடியார்க்குநல்லார் உரைக்குறிப்பையும் கொண்டு அவர் கண்ட யாண்டு கி.பி. 756. அவ்வாண்டு சூலைத் திங்கள் 23ஆம் நாளில் ஆடியின் இறுதியும், தேய்பிறை எட்டாந் திதியும், கார்த்திகையும், வெள்ளியும் ஒருங்கு கூடுகின்றன.

கணிதம் பிழையற்றது. எனினும் அறிஞர் பலர் அம்முடிபை ஏற்றிலர். ஏன்? இந்நான்கு குறிப்பும் ஒருங்கு கூடுவது உலகத்தில் ஒரே முறை நிகழ்வதன்று. ஆடியில் தேய்பிறை எட்டாந் திதியோடு கார்த்திகை கூடுவது சிலசில யாண்டுகட்கு ஒருமுறை நிகழ்வதே. அக்கூட்டம் வெள்ளியன்று அமைவது அவற்றுள் ஏறக்குறைய ஏழில் ஒன்றாகும். ஆகவே பல நூற்றாண்டுகளுள் இக்குறிப்புக்குப் பொருந்தும் நாட்கள் பல உள. சிலப்பதிகாரத்தில் வரும் கயவாகுவை இலங்கையிற் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ஆண்ட முதற் கயவாகுவாகக் கொள்வார்க்கும், 756 என்பார்க்கும் இடையே ஏறத்தாழ அறுநூறு யாண்டு வேறுபாடு உண்டு. இவ்வேறுபாட்டைக் கணிதம் தானே தீர்க்கவல்லதன்று.

இதனாற் போந்த பொருள் ஒன்றுண்டு. மீண்டும் மீண்டும் சுழன்று வரும் குறிப்புக்கள், கூறப்பட்ட ஒரு நாள் பொருந்துமா பொருந்தாதா என்று சோதிக்கப் பயன்படும். பொருந்தாததைத் தள்ளவும் உதவும். பொருந்துவன பலவற்றுள் இதுவே என்று நாட்டுதற்கு, சுழலாது நேரே செல்லும் தொடர் எண் ஒன்று வேண்டும். அறுபதாண்டுச் சுழலின் பெயர்களும் இத்தகையனவே. பிரபவ முதலிய பெயர்களுள் ஒன்று மட்டும் கிடைத்தால், அறுபது அறுபதாக எத்தனை சுற்றுச் சென்றன என்பது பெயரிலிருந்து விளங்காது.

கலிநாள் என்னும் அளவுகோல்

சுழலாத அத்தொடர் எண்ணை நம் நாட்டுக் கணிதர் நெடுங்காலத்துக்கு முன்பே அமைத்துக்கொண்டனர். அதுவே கலிநாள். கலியுகத் தொடக்கமாகக் கொள்ளப்படும் கி.மு. 3102 பெப்ருவரி 18, வெள்ளிக்கிழமை முதல் கழிந்த நாட்களை இடையறாது எண்ணிவருவது அது. யாண்டின் அளவு, திங்களின் அளவு, மிகைத் திங்கள் என்பவற்றால் அவ்வெண் தாக்கப்படுவதன்று. எந்த இரு நிகழ்ச்சிக்கும் கலிநாள் தெரிந்துவிடின், பெரியதிற் சிறியதைக் கழிக்க எஞ்சுவதே இடைப்பட்ட காலம். வேறு விதி வேண்டுவதில்லை.

கலிநாள் காணும் வகை வருமாறு. முதலிற் கழிந்த கலியாண்டைக் காணல் வேண்டும். கழிந்த சகயாண்டோடு 3179 கூட்டினால் அது கிடைக்கும். சித்திரைக்குப் பிற்பட்ட நாளாயின் கிறித்தவ யாண்டோடு 3101 கூட்டினும் அமையும். பின் அவ்வெண்ணைச் சூரியசித்தாந்தத்தின்படி ஓர் யாண்டின் அளவாகிய 365 நாள் 15 நாழிகை 31 விநாடிச் சொச்சத்தாற் பெருக்கல் வேண்டும். அதன்மேல், அவ்வாண்டிற் சென்ற நாட்களைக் கூட்டுக. வந்த தொகையை ஏழால் வகுத்தால், மீதம் இன்மை வெள்ளி, 1 சனி, 2 ஞாயிறு என முறையே கிழமை பெறப்படும். கல்வெட்டிற் கண்ட கிழமையோடு இது மாறுபடின் கணக்கிலோ குறிப்பிலோ பிழையுண்டென்பது தெளிவு.

மேற்கூறிய கி.பி. 756 சூலை 23 என்னும் நாளை எடுத்துக்கொள்வோமாயின், கழிந்த கலியாண்டு 3857. அதற்குரிய நாள் 14,08,803. மேலும் 122 நாள் கூட்ட, 14,08,925 ஆகும். இதனை ஏழால் வகுக்க 2,01,275 ஈவாகி மீதமின்றி முடிதலின், வெள்ளி என்பது உறுதி.

இதனோடு ஒப்பிடத்தக்க மற்றொரு நாள், தமிழ்நாட்டு வாக்கியக் கணிதர் கையாளும் 16,00,984 என்னும் கலிநாள். சந்திரன் நிலையைக் காண விரும்புவோர் வேண்டிய நாளின் கலிநாளினின்று முதற்கண் இவ்வெண்ணைக் கழித்து, எஞ்சியதை 12,372, 3,031, 248 என்னும் எண்களால் முறையே வகுத்து, இறுதியில் எஞ்சும் எண்ணுக்குரிய வாக்கியத்தைக் கொள்வர். சந்திரன் தன் உச்சத்தினின்று புறப்பட்டு மீண்டும் அவ்வுச்சத்தை ஒன்பது முறை அடைதற்கு ஏறத்தாழ 248 நாட்கள் ஆதலின் இம்முறை பொருந்துவதாயிற்று. 16,00,984 என்பது கி.பி. 1282 மே 22, வெள்ளிக்கிழமை.

இவ்விரு வெள்ளிகட்கும் இடைப்பட்ட காலம் 1,92,059 நாள். இதனை யாண்டாக்கப் புகின் வேறுபாடு தோன்றும். மேனாட்டுப் பழைய பஞ்சாங்க முறையில் அது 525 யாண்டும் 303 நாளும் ஆகும். சூரியசித்தாந்த யாண்டளவைக் கொண்டால் 525 யாண்டும் 298 நாளும் ஆகும். காலம் ஒன்றே, யாண்டின் அளவு வேறாதலின் விடை ஐந்து நாள் வேறாயிற்று. ஆதலின் நெடுங்காலத்தை இத்துணை யாண்டு, இத்துணைத் திங்கள், இத்துணை நாள் என்று கூறுவார், எம்முறை யாண்டு என்பதையும் உடன் கூறல் வேண்டும். நாட்டொகை ஒன்றே எம்முறையார்க்கும் பொது.

மேனாட்டு நாட்களைக் கொள்ளுங்கால் மற்றோர் எச்சரிக்கையும் வேண்டும். 1582இல் உரோமாபுரித் திருத்தத்தால் அக்டோபர் 4ஆம் நாள் வியாழனுக்கு மறுநாள் 15ஆம் நாள் வெள்ளியாயிற்று. ஆங்கிலேயர் இதனை 1752இலேயே மேற்கொண்டு, செப்டம்பர் 2ஆம் நாள் புதனுக்கு மறுநாளை 14ஆம் நாள் வியாழன் என்றனர். ஆகவே 1752க்கு முன் சென்னைக் கோட்டையினர் எழுதிய நாளும் புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர் எழுதிய நாளும் ஒரே பொழுதுக்குரியனவாயினும் பதினொரு நாள் வரை வேறுபட்டு நின்றன. திண்டுக்கற் சீமை 1792இல் உடன்படிக்கையால் ஆங்கிலக் கும்பினியார் கைப்பட்டமையின், இச்சீமையின் கும்பினி ஆட்சிக் குறிப்புக்களில் இவ்விடர்ப்பாடு இல்லை. இத்திருத்தங்கள் எவற்றிலும் கிழமை வரிசை மாறவில்லை என்பது குறிக்கத்தக்கது. அதனாலன்றோ கிழமை என்றும் பொய்யாச் சான்றாக நிற்கின்றது!

நாளின் தொடக்கமும் நாழிகையும்

நாட்களுக்கு இடைப்பட்ட காலத்தோடு பொழுதுகளுக்கு இடைப்பட்ட காலத்தையும் காண விரும்புவார், நாள் எப்பொழுது தொடங்குகின்றது என்பதை முன்னர்த் தெளிதல் வேண்டும். தமிழர்க்கு நாள் ஞாயிற்றின் எழுச்சியோடு தொடங்கி அடுத்த எழுச்சியில் முடிவது. ஆங்கில நாள் நள்ளிரவில் மாறுவது. சிவராத்திரியின் நான்காம் யாமப் பூசை தமிழ் முறையில் அதே நாளினதாயினும், ஆங்கில முறையில் மறுநாளைக்குரியது.

ஓர் எடுத்துக்காட்டு நோக்குக. திங்கட்கிழமை உதயாதி 10 நாழிகைக்கு ஒரு நிகழ்ச்சியும், புதன்கிழமை உதயாதி 55 நாழிகைக்கு மற்றொரு நிகழ்ச்சியும் நேர்ந்தன என்க. இடைப்பட்ட காலம் 2 நாள் 45 நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம் ஆதலின் 45 நாழிகை 18 மணியாகும். உதயம் காலை 6 மணி என்று கொண்டால், முன்னது திங்கள் காலை 10 மணி. பின்னது வியாழன் அதிகாலை 4 மணி. புதன் என்ற பெயரைக் கண்டு புதன் அதிகாலை 4 மணி என எழுதிவிடுவார்க்கு ஒரு முழுநாள் இழப்பாகும். பிறந்த நாழிகையைக் குறித்த பழைய ஏடுகளை ஆங்கில நாளாக மாற்றுங்கால் இவ்வழு பெரிதும் நேர்வதாகலின் அதனைக் காத்துக்கோடல் வேண்டும்.

உதயமும் எவ்வூர்க்கும் ஒன்றன்று. இந்தியப் பொதுநேரம் கிழக்கு நெடுங்கோடு 82½ பாகையை அடிப்படையாகக் கொண்டது. சிறுமலையும் திண்டுக்கல்லும் ஏறக்குறைய 78ஆம் பாகையில் உள்ளன. இடையுள்ள 4½ பாகைக்குப் பாகை ஒன்றுக்கு 4 நிமிடமாக 18 நிமிடம், அஃதாவது முக்கால் நாழிகை, இவ்வூர்களின் இயற்கை நேரம் கடிகார நேரத்திற்குப் பிற்பட்டு நிற்கும். இன்னும், சிறுமலைக்கு மேற்கே அடிவாரத்துள்ள ஊரார்க்கு ஞாயிறு மலையைக் கடந்து தோன்றுதல் காலந்தாழ்க்கும். பஞ்சாங்கத்துக் கூறிய உதயமோ மறைப்பற்ற அடிவானத்தைக் கருதியதாதலின் மலையைப் பொருட்படுத்துவதன்று. கண்ணாற் கண்ட உதயமும் கணித்த உதயமும் வேறென உணராதார், அளவை பிழைத்ததென்று கணிதரைக் குறைகூறுவர்.

இந்நுண்ணிய அளவையில் தமிழ்க் கணிதர் எத்துணைத் தேர்ச்சி பெற்றிருந்தனர் என்பதற்கு ஒரு சான்று உண்டு. வெள்ளி ஞாயிற்றைக் கடக்கும் காட்சியை ஆராய இந்நாடு போந்த பிரெஞ்சு வானநூலார் லெ சாந்தீல், புதுச்சேரியில் தமிழ்க் கணிதரிடம் கிரகண கணிதத்தைக் கற்றார். 1765 ஆகசுட்டு 30இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் தொடக்கத்திற்கும் முடிவிற்கும் இடைப்பட்ட காலத்தைத் தமிழ்க் கணிதர் கணித்தது, கண்ட அளவினும் 41 நொடி குறைந்திருந்ததாகவும், அந்நாளில் ஐரோப்பாவிற் சிறந்ததாக மதிக்கப்பட்ட மேயர் என்பாரது வாய்பாட்டாற் கண்டது 68 நொடி மிகுந்திருந்ததாகவும் அவர் எழுதி வைத்தார். 41 நொடி என்பது இரண்டு விநாடிக்கும் குறைவு. ஏனெனில் தமிழ்க் கணக்கில் ஒரு விநாடி 24 நொடியாகும். தமிழ்க் கணிதர் இதனைச் சோழிகளை வைத்தும் மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டுமே கணித்தனர்.

முதல்நாளை எண்ணுதலும் விடுதலும்

இடைக்காலம் காண்பதில் எளியதுபோலத் தோன்றிப் பலரையும் மயக்குவது முனை நாட்களைப் பற்றியது. பதினாறாம் நாட் கிரியை என்னும்போது மறைந்த நாளே முதல்நாளாக எண்ணப்படுகின்றது. ஆகவே அந்நாளுக்கும் பதினாறாம் நாளுக்கும் இடைப்பட்ட காலம் பதினைந்து நாளேயாம். கண்ணகி பதினான்கு நாள் கழித்துத் தன் கணவனைக் காண்பாள் என்னும் சிலப்பதிகாரக் கூற்றிலும் இவ்வையம் உண்டு. எரியுண்ட வெள்ளியையும் சேர்த்து எண்ணினால் பதினான்காம் நாள் வியாழன்; அதனை விடுத்து எண்ணினால் வெள்ளி.

யாண்டுக் கணக்கிலும் இதுவே நிலை. கல்வெட்டுக்களில் யாண்டு கழிந்ததாகவும் கூறப்படும், நிகழ்வதாகவும் கூறப்படும். ஒன்றைக் கழிந்ததாகவும் மற்றொன்றை நிகழ்வதாகவும் கொண்டு கழிப்பார்க்கு ஓர் யாண்டு பிழைபடும். பாண்டியர் கல்வெட்டுக்களில், நான்காவதின் எதிர் பன்னிரண்டாவது என்றாற்போல ஆட்சியாண்டு இரண்டு எண்களாற் கூறப்படும் வழக்கும் உண்டு. அவ்விரண்டையும் கூட்டிப் பதினாறாம் யாண்டு எனக் கொள்ளல் வேண்டும். பின்னெண்ணை மட்டும் நோக்குவார் நான்கு யாண்டை இழப்பர்.

இரு கற்களும் நூறு யாண்டும்

இம்முறைகளைக் கொண்டு பாண்டிநாட்டு வரலாற்றில் அடிப்படையாய் நிற்கும் இரு கல்வெட்டுக்களை நோக்குவாம்.

முதலாவது, மதுரைக்கு வடகிழக்கே ஆனைமலையில் உள்ளது. பாண்டியன் நெடுஞ்சடையனுக்கு அமைச்சனாயிருந்த மாறன்காரி அங்குக் குன்றைக் குடைந்து நரசிங்கப்பெருமானுக்குக் கோயில் எடுத்தான். திருவுருவம் நிறுவிய காலம் கலியாண்டு 3871 கழிந்தபின், கார்த்திகைத் திங்கள், இரேவதி நாள் என்று அங்குள்ள வடமொழிச் செய்யுள் கூறுகின்றது. இது கி.பி. 770 நவம்பர் முற்பகுதி. திருப்பணி முற்றுப்பெறும் முன்னரே மாறன்காரி இறந்தான். அவன் தம்பி மாறன் எயினன் முகமண்டபம் அமைத்தான்.

இரண்டாவது, சிறுமலைக்கு மேற்கே, திண்டுக்கற் சமவெளியைக் கடந்து பழனிப் பக்கத்தில் நிற்கும் ஐவர்மலையில் உள்ளது. அது பண்டு சமணர் உறைந்த மலை. அங்குள்ள கல்வெட்டு, வரகுணபாண்டியனது எட்டாம் ஆட்சியாண்டையும் சகயாண்டு 792ஐயும் ஒருங்கே குறித்து, சமணத் துறவியாகிய சாந்திவீரக்குரவர் அங்குள்ள தேவர் திருவுருவங்களைப் புதுப்பித்துப் பொன் வைத்த செய்தியைக் கூறுகின்றது. ஆட்சியாண்டும் சகயாண்டும் ஒரே கல்லில் அமைந்தமையே இதன் பெருஞ்சிறப்பு. ஆட்சியாண்டு ஓர் அரசனது வாழ்நாளுக்குள் அடங்கிய சிறு அளவுகோல். சகயாண்டோ தொடர்ந்து செல்லும் நெடிய அளவுகோல். சிறியதைப் பெரியதோடு பிணித்த முடிச்சு இக்கல்.

இனி இரண்டையும் ஒன்றுபடுத்துவோம். சகயாண்டு 792ஓடு 3179 கூட்டக் கலியாண்டு 3971 ஆகின்றது. ஆனைமலைக் கல் கூறுவது 3871. ஒன்றிலிருந்து மற்றொன்று போக எஞ்சுவது 100. ஐவர்மலைக் கல்லில் திங்கள் கூறப்படாமையின் நாளளவாக இடைக்காலத்தை வரையறுத்தல் இயலாது. எனினும் அதன் எல்லைகளைக் கூறலாம். சகம் 792 கழிந்த யாண்டு கி.பி. 870 மார்ச்சில் தொடங்கி 871 மார்ச்சில் முடிவதாதலின், இரு நிகழ்ச்சிகட்கும் இடைப்பட்ட காலம் 99 யாண்டு 4 திங்களுக்குச் சிறிது மேற்பட்டதும், 100 யாண்டு 5 திங்களுக்கு உட்பட்டதுமாம். ஐயம் உள்ள இடத்தில் ஒரே எண்ணைக் கூறுவதினும் இரு எல்லைகளைக் கூறுதலே நேர்மையான அளவை. எட்டாம் ஆட்சியாண்டு கி.பி. 870 ஆகவே, இவ்வரகுணன் அரசெய்தியது கி.பி. 862 என்பதும் பெறப்படும்.

சைவர்க்கு இதனாற் பயன் யாது எனின், கூறுதும். திருக்கோவையாரில் வரகுணன் என்னும் பாண்டியன் இரு செய்யுட்களிற் குறிக்கப்படுகின்றான். தில்லைப் பெருமானை வழிபட்டவனாகச் சுட்டப்படும் அவன் யார் என்பதே மாணிக்கவாசகர் கால ஆராய்ச்சியின் நடுநாயகமான வினா. பாண்டியருள் வரகுணர் இருவர் உளர். நெடுஞ்சடையனே முதல் வரகுணன் என்பார் ஒருசாரார். அவன் வேறு, இவன் வேறு என்பார் மற்றொரு சாரார். எவ்வாறாயினும், ஆனைமலைக் கல் நெடுஞ்சடையன் காலத்தையும், ஐவர்மலைக் கல் இரண்டாம் வரகுணன் காலத்தையும் நாட்டிவிட்டமையின், திருக்கோவையார் வரகுணனை இவ்விருவருள் ஒருவனாகக் கொள்வார்க்குள்ள வேற்றுமை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு எல்லைக்குள் அடங்கிவிடுகின்றது.

அடிகளைக் கி.பி. மூன்றாம் நூற்றாண்டினர் என்னும் கொள்கையும் உண்டு. மறைமலையடிகள் 1930இல் வெளியிட்ட மாணிக்கவாசகர் வரலாறும் காலமும் என்னும் பெருநூலில் அதனைப் பல சான்றுகாட்டி வலியுறுத்தினார். அக்கொள்கைக்கும் இக்கற்களுக்கும் இடைவெளி ஏறத்தாழ ஐந்நூறு யாண்டும் அதன் மேலுமாம். அக்கொள்கையைத் தழுவுவார், கல்லில் எழுத்தேறிய இவ்விரு வரகுணரினும் முற்பட்ட மற்றொரு வரகுணனைக் காட்டுதலோ, பெயர்க்குறிப்பிற்கு வேறு அமைதி கூறுதலோ கடன். கணிதம் இவ்விடத்து வழக்கைத் தீர்த்துவிடுவதில்லை. வழக்கிடுவார் ஒவ்வொருவரும் எத்துணை யாண்டுக்கு விடைகூறல் வேண்டும் என்பதை மட்டும் அளந்து காட்டுகின்றது. ஆராய்ச்சியில் அதுவே பெரிய உதவி.

இவ்வளவுகோலை முன்னும் பின்னும் நீட்டிப் பார்க்கலாம். சிறுத்தொண்டர் சென்று வென்ற வாதாபிப் போர் கி.பி. 642இல் நிகழ்ந்தது. அவர் மனைக்கு எழுந்தருளிய திருஞானசம்பந்தர் காலமும் அதனையொட்டியதே. அதினின்று இரண்டாம் வரகுணன் அரசெய்திய 862 வரை 220 யாண்டு. அதினின்று முதல் இராசராசன் அரசெய்திய 985 வரை 123 யாண்டு. இராசராசன் ஆட்சித் தொடக்கத்தைச் செருமானியப் பேராசிரியர் கீல்கார்ன் அவ்வாண்டு சூன் 25க்கும் சூலை 25க்கும் இடைப்பட்ட ஒரு திங்களுக்குள் வரையறுத்ததும், பல கல்வெட்டுக்களின் திதி நாள் கிழமைகளை இம்முறையில் ஒப்பிட்டேயாம்.

இனி, சந்தானாசாரியருள் நான்காமவராகிய உமாபதிசிவாசாரியர் தம் சங்கற்ப நிராகரணத்தில் சகயாண்டைத் தாமே குறித்துச் சென்றார். ஏழும் ஐந்தும் பெருக்கிய முப்பத்தைந்தும், இருநூறும், ஆயிரமும் சேர்ந்த 1235 என்பது அது, கி.பி. 1313. ஐவர்மலைக் கல்லும் சகயாண்டையே கூறுதலின் இங்கு மாற்றமொன்றும் வேண்டாது 1235இல் 792 கழிக்க 443 யாண்டு எஞ்சுகின்றது. வாக்கியக் கணிதரது 16,00,984ஆம் கலிநாளாகிய 1282க்கும் சங்கற்ப நிராகரணத்திற்கும் இடையில் 31 யாண்டே உண்டு. சந்திரனது இயக்கத்தை அளக்கும் எண்ணைக் கணிதர் நாட்டிய அதே தலைமுறையை ஒட்டியே, சித்தாந்த சாத்திரங்கள் பதினான்கும் நிறைவெய்திய காலமும் அமைந்தது என்பது இதனாற் புலனாகும்.

எண்ணிப் பார்க்கத்தக்கது இன்னும் ஒன்று உண்டு. சைவருலகம் போற்றும் வரகுணர் காலத்தை வரையறுக்கும் இரு கற்களுள் ஒன்று திருமால் கோயிலது. மற்றொன்று சமணப் பள்ளியது. அவற்றை வெட்டுவித்தோர் மாணிக்கவாசகர் காலத்தை நாட்டக் கருதியவரல்லர். தத்தம் அறத்தின் நாளைப் பொய்யின்றிக் குறித்து வைத்தலே அவர் கருத்து. வேறு கருத்தின்றி எழுதப்பட்டமையாலேயே அச்சான்று வலியுடையதாயிற்று. சைவ வரலாறு ஆராய்வார் சைவக் கோயிற் கல்வெட்டுக்களோடு அமையாது, ஐவர்மலைபோலும் பிறசமயத்து இடங்களையும் நாடிச் செல்லல் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டா.

முடிபு

மேற்கூறியவற்றால், இரு நாட்களுக்கு இடைப்பட்ட காலத்தைக் காண்பார் முதற்கண் இரண்டையும் ஒரே தொடர் எண்ணுக்குக் கொண்டுவருதல் வேண்டும் என்பதும், கழிந்ததோ நிகழ்வதோ, உதயத்தினின்றோ நள்ளிரவினின்றோ, முனைநாள் சேர்த்தோ விடுத்தோ என்னும் மூன்றையும் தெளிதல் வேண்டும் என்பதும், கிழமையாற் சோதித்தல் வேண்டும் என்பதும், ஐயமுள்வழி எல்லைகளையே கூறல் வேண்டும் என்பதும் பெறப்பட்டன. சிறுமலையைக் காட்டும் காப்பியத்தின் நாட்குறிப்பு, திங்களும் திதியும் நாளும் கிழமையும் உடையதாயினும், யாண்டின்மையால் இன்றுவரை வழக்கிற்கிடமாகி நிற்கின்றது. அம்மலைக்கு மேற்கே ஐவர்மலைக் கல், திங்களும் கிழமையும் இலதாயினும், சகயாண்டு ஒன்றை உடைமையால் ஒரு பாண்டியனது ஆட்சித் தொடக்கத்தையே நாட்டிற்று. உமாபதிசிவாசாரியர் தம் நூலில் யாண்டைப் பொறித்துச் சென்றதன் அருமையும் இதனால் விளங்கும். இக்காலத்துத் திருப்பணியும் குடமுழுக்கும் செய்வார், கல்லிற் பெயர்களோடு கழிந்த யாண்டையும் திங்கள் நாள் கிழமைகளையும் ஒருங்கே பொறித்து வைப்பாராயின், பின்வரும் ஆராய்ச்சியாளர்க்கு இடைக்காலம் காண்டல் வெறுங் கழித்தற் கணக்கே ஆகும்.